குமாசிக்காரரின் உழைப்பு

எங்கள் கம்பாலா அலுவலகத்தில் காலைத் தேநீரோடு நபிர்யே மேடத்தின் திட்டும் எனக்கு வந்துவிடும்.

"கானாவுல, குமாசியில இருக்கிற அம்பொன்சாவைப் பாரு, வலுசிம்பி! அவரோட மென்பொருளுக்குத் தினம் ஒரு புதுப் பதிப்பு விடறாரு. நீ?"

"நம்மளுதும் தினம் வருதே, மேடம்..."

"ஏன் வராது? அவரு புதுசா விட்டதும் நீ எழுதின கருவி மோப்பம் பிடிச்சு, அதைச் சேர்த்து, நம்ம மென்பொருளுக்கும் புது எண் போட்டு விட்டுடுது. அவரு உழைக்கிறாரு, நீ உட்கார்ந்து முட்டைச் சப்பாத்தி திங்கிற!"

உண்மைதான். அந்தக் கருவியை நான் செம்மைப்படுத்திய பிறகு எனக்கு வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை மேடம் முடிவெடுத்துவிட்டார். "உன் இடத்துக்கு அவரையே எடுத்துக்கிறேன். நீயே போன் போட்டுக் கேளு."

என் நாற்காலிக்கு நானே ஆள் பிடித்தேன். எதிர்முனையில் கோழிகள் கத்தின.

"கம்பாலாவுல வேலையா? ஆளை விடுங்க! அந்தத் தொழிலை விட்டு நாலு மாசமாச்சு. இப்போ கோழிப்பண்ணை."

"அப்போ தினமும் பதிப்பு விடறது யாரு?"

"நான் எழுதி வச்ச கருவி. உங்க ஊரு மென்பொருள் ஒண்ணுல புதுசு வந்தா, இதுவும் உடனே புதுசு விட்டுடும்."

"அவ்வளவு நல்லா ஓடும்போது ஏங்க விட்டீங்க?"

"நானா விட்டேன்? துரத்திட்டாங்க! 'கம்பாலாவுல வலுசிம்பின்னு ஒருத்தன் தினம் ஒரு பதிப்பு விடறான், நீ சும்மா உட்கார்ந்திருக்கே'ன்னு. அந்தப் பாவியை உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டதே இல்லைங்க" என்று நான் சொல்லும்போதே, என் திரையில் அவருடைய அன்றைய பதிப்பு வந்து விழுந்தது.