இரங்கல் பக்கத்துக் கட்டங்கள்

நாளிதழின் இரங்கல் பக்கத்தை நான்தான் வடிவமைக்கிறேன். குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு, ஆகப் பன்னிரண்டு கட்டங்கள். தினமும் பன்னிரண்டு மரண அறிவிப்புகள்தான் வரும். ஒன்று கூடியதில்லை, குறைந்ததில்லை.

இன்று படங்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று ஒன்பது கட்டமாக மாற்றினேன். உடனே தொலைபேசி ஒலித்தது.

"நாங்க குடுத்த அறிவிப்பை எடுத்துடுங்க," என்றாள் ஒருத்தி. "அப்பா எழுந்து உட்கார்ந்து தண்ணி கேக்கறார்."

அடுத்தடுத்து இன்னும் இருவர் அழைத்து அதையேதான் சொன்னார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னொரு கட்டத்தையும் அழிக்க மௌஸைத் தொட்டேன்.

செய்தி ஆசிரியர் கதவருகே நின்று சொன்னார்: "எதிர்ப்பக்கத்து முழுப்பக்க விளம்பரம் கேன்சலாயிடுச்சும்மா. ரெண்டு பக்கமும் உனக்குத்தான். இருபத்தி நாலு கட்டம் போட்டு வை, எப்படியும் நிரம்பிடும்."