பாம்புக் காது

"இந்தக் கடைத்தெருவுல மூணு கடை ஏறி இறங்கிட்டேன் சார். மூணு பேரும் உங்க கடையைத்தான் சொன்னாங்க."

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. போட்டிக் கடைக்காரன் வாயால் நல்ல பேர் வாங்குவது சும்மாவா, கல்லில் நார் உரிக்கிற காரியம். வந்தவரைக் கையோடு உள்ளே டெமோ அறைக்கு அழைத்துப்போய், ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் அடுக்கியிருந்த அலமாரிக்கு எதிரே சோபாவில் உட்கார வைத்தார்.

"இதைப் பாருங்க. படம் அவ்வளவு துல்லியம். ராத்திரி சீன்ல ஓரமா நிக்கிறவன் மூக்கு முழிகூடத் தெரியும். போட்டுக் காட்டட்டுமா?"

"படம் வேண்டாம் சார். சத்தம் மட்டும் போதும். பின்னால கேக்கிற சின்னச் சத்தம்கூடத் தனியாத் தெரியணும்."

ஆள் சத்தப் பைத்தியம் போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். அவருக்கும் அதே பைத்தியம்தான்; பாம்புக் காது என்றே அவருக்குப் பட்டப்பெயர். அந்தக் காதையே இப்போதெல்லாம் மகன் ஏமாற்றிவிடுகிறான். டெலிவரி வண்டியில் அவன் ஆசையாக மாட்டியிருந்த ரிவர்ஸ் ஹாரன் இருந்தவரை, அவன் வந்து வண்டியைப் பின்னால் எடுப்பது கடைத்தெருவுக்கே கேட்கும். போன மாதம் அதைக் கழற்றிப் போட்டதிலிருந்து பூனை மாதிரி வருகிறான், போகிறான். கேட்டால் எரிந்து விழுகிறான்.

வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"பாட்டா சார்?"

"என் பொண்ணு பேசினது. பஸ் ஸ்டாப்புல நின்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கிட்டிருந்தா. எவனோ வண்டியை ஏத்திட்டு நிக்காமப் போயிட்டான்."

கடைக்காரரின் கை பாதியில் நின்றது. "பொண்ணு இப்ப..."

வந்தவர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

"ஹாரன் சத்தம் கேட்டிருந்தா விலகியிருப்பா சார். அவ ரொம்ப உஷாரு. பாத்தவங்க யாரும் இல்ல. போலீசும் கையை விரிச்சிடுச்சு. அந்த வண்டி எதுன்னு சொல்ல இது ஒண்ணுதான் மிச்சம். போன்ல கேட்டா ஒரே இரைச்சலா இருக்கு."

கடைக்காரரும் பிள்ளையைப் பெற்றவர்தானே, மனசு கேட்கவில்லை. வியாபாரத்தை மறந்தார். முதலில் வைத்த ரிசீவரில் பேஸ் அதிகம், தும் தும் என்று எல்லாவற்றையும் அமுக்கியது. அதை ஒதுக்கிவிட்டு, கடையிலேயே உசத்தியான இன்னொன்றில் செருகினார். இரைச்சலைக் குறைத்தார். பேச்சை நடு ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தார். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கேட்க வருகிறவர்கள் எல்லாரும் ஸ்பீக்கரைத்தான் பார்ப்பார்கள். இவர் கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பஸ் இன்னும் வரல. எனக்காகக் காத்திருக்காம நீங்க சாப்பிட்டுடுங்க..."

பெண் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அப்புறம் காற்று. காற்றுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. கிளுகிளுவென்று சிரித்து, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடியும் முதலிலிருந்து அதே சிரிப்பு, அதே விக்கல். சிரிப்பு நெருங்கி வந்தது.

"யாரு பாப்பா அது?" என்றாள் பெண், ஆசையாக. அதோடு முடிந்தது.

அந்த விக்கலைக் கடைக்காரருக்குத் தெரியும். பேரன் சிரித்ததை இதே அறையில் வைத்துப் பதிந்து, வண்டி ரிவர்ஸ் ஹாரனில் போட்டுக்கொள் என்று மகனிடம் கொடுத்தவரே அவர்தான்.

"என்ன சார், ஏதாவது புரியுதா?"

கடைக்காரரின் கண்முன் மகன் முகம் வந்தது, அவன் இடுப்பில் பேரன் முகம் வந்தது. அந்தப் பெண்ணின் குரலும் காதை விட்டுப் போகவில்லை. மகனை நினைத்துக்கொண்டு ரிசீவரை அணைத்தார்.

"ஒண்ணும் தெளிவா இல்லீங்க. வெறும் காத்துதான். இந்த ரிசீவர் சரிப்பட்டு வராது, நீங்க வேற கடையில பாருங்க."

வாசலேறி வந்த ஒருவரை அவர் வேறு கடைக்கு அனுப்புவது இதுதான் முதல் தடவை.

வந்தவர் பென் டிரைவை உருவிச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் குரல் உயரவில்லை.

"அந்த மூணு கடையிலயும், இந்தச் சிரிப்பைக் கேட்டுட்டுத்தான் சார் உங்க கடையைச் சொன்னாங்க."