வராத வண்டி

மடவார் வளாகத்தில் சங்கரவடிவின் வீட்டு டிவியில் உலகக் கார் ரேஸ் ஓடியது. அவள் மகன் கௌதம்ராஜ் அபுதாபியில் அந்த ரேஸில்தான் வண்டி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு ராமலட்சுமியும் பார்க்க வந்திருந்தாள்.

ரேஸ் முடிந்து, ஜெயித்தவன் கோப்பையைத் தூக்கினான். சங்கரவடிவு கும்பிட்ட கையை அப்போதுதான் பிரித்தாள்.

ராமலட்சுமிக்குப் பாவமாக இருந்தது. “இம்புட்டு நேரம் பாத்தும் கௌதம் வண்டி ஒரு தடவகூட வரலயேக்கா. விடுங்க, அடுத்த ரேஸ்ல ஜெயிச்சுருவான்.”

சங்கரவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நடை சாத்துறதுக்குள்ள வைத்தியநாத சாமிக்கு நெய்விளக்கு போடணும். வாரியா?”

“தோத்ததுக்கா விளக்கு?”

“யாரு பெத்த பிள்ளைக்கும் அடிபடலல்ல, அதுக்கு. எம்மகன் அங்க ஓட்டுதது ஆம்புலன்ஸு, தாயி.”