மேலே ஒரு கார்டு, கீழே ஒரு கார்டு

கம்பத்து ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த சுருளிவேல் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, அறுபடாத செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"என்ன மாமா, பொங்கல் கரும்பு வாங்க வந்துட்டுக் கீழ எதத் தேடுறீக?" என்றாள் பின்னால் நின்ற கற்பகம். அவளும் அவரைப்போல மலைமேலே கேரளத்துக் குமுளியில் குடியிருப்பவள்தான்.

"கத்தாத தாயி. அந்தா, புளியமரத்தடியில பாரு. நேத்து குமுளியில எங்க வீட்டுக்கு விசாரணைக்கு வந்த ரேஷன் ஆபீசரு, சுவக்கீன் சாரு."

கேரளத்தில் குடும்பத்துக்கு, பரம ஏழைகளுக்குத் தரும் மஞ்சள் ரேஷன் கார்டு கேட்டு மனுப் போட்டிருந்தார் சுருளிவேல். அது கிடைத்தால்தான் பெண்சாதி முத்துப்பேச்சியின் இருதய ஆபரேஷனுக்கு அரசு உதவி. நேற்று வந்த சுவக்கீன் வீட்டை அளந்தார், அடுப்படியை எட்டிப் பார்த்தார், கட்டன் சாயா குடித்தார். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தமிழ்நாட்டுல கார்டு உண்டா? இருந்தா மனுவும் போகும், கேசும் வரும். கேட்டீங்களா?"

"சுருளியாண்டவர் சத்தியமா இல்ல சார்."

சுருளியாண்டவர் கோயில் கம்பத்துக்குப் பக்கத்தில்தான். பொய்ச்சத்தியம் பண்ணின ஆளை மறுநாளே தன் எல்லைக்கு வரவழைத்துவிட்டார். சுருளிவேலின் தகப்பனார் காலத்துக் கம்பம் கார்டு, ஆதார் வந்து ஊரையே புடைத்த பிறகும் முறத்தில் தங்கிய கல்லைப்போல எப்படியோ தங்கிவிட்டது. தைக்குத் தை வாங்கிய கரும்பை விடவும் மனசு வரவில்லை.

"நைசா நழுவிருங்க மாமா."

"எங்கிட்டு? முன்னாலயும் ஆளு, பின்னாலயும் ஆளு, பக்கத்துல செவரு."

"அப்பத் துண்டையாவது தலையில போத்துங்க."

"துண்டைப் போட்டா நெஞ்சு அடிக்கிற சத்தம் அடங்குமா தாயி?"

சுவக்கீன் காதையும் கன்னத்தையும் சேர்த்து மப்ளரால் சுற்றியிருந்தார். கம்பத்து வெயிலில் எருமைகூட நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. அதிகாரிகளுக்கு மலைக்குளிர் உடம்பைவிட்டு இறங்கக் கொஞ்சம் நேரமாகும் போலும்.

திடீரென்று அவர் திரும்பினார். வரிசையோரமாக, விறுவிறுவென்று, நேரே சுருளிவேலை நோக்கி வந்தார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைப் பொத்திக்கொள்வான். சுருளிவேலுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை. தடாலென்று காலில் விழுந்தார்.

"சார், புத்தி கெட்டுப்போச்சு! ஒத்தக் கரும்புக்கு ஆசப்பட்டு அவ உசுரப் பணயம் வச்சுட்டேன். இந்தக் கார்டை இங்ஙனயே கிழிச்சுப் போடுங்க, என்னைய ஜெயில்ல வைங்க. மஞ்சக் கார்டை மட்டும் தட்டிவிட்டுறாதீங்க. முத்துப்பேச்சி ஒரு பாவமும் அறியாதவ சார்!"

மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. கற்பகம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சுவக்கீன் பதறிப்போய், தன் கையிலிருந்த கம்பம் கார்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே தரையோடு தரையாகப் பதுங்கி, அவர் வாயைப் பொத்தினார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே... வரிசையில முன்னால பையும் கையுமா நிக்கிறது எங்க மேலாபீசரு!"