பூனைக்கு ஒரு துளி

சிட்னியின் பால்மெய்ன் சந்தில் காலை வெயில் சாக்கடையோரமாக விழுகிறது. நேற்று நகரசபை ஆட்கள் கொட்டிவிட்டுப் போன சுண்ணாம்புத் தூள் கண்ணைக் கூசவைக்கிறது. பால்வண்டிக் குதிரை பழக்கத்தில் தானாகவே லீஹி வீட்டு வாசலில் நிற்கிறது. கதவில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒட்டிய டைபாய்டு நோட்டீஸ். பசை இன்னும் காயவில்லை. பால்காரன் பாஸ்கோ அதைப் பார்க்காமல் இறங்குகிறான். மிஸஸ் லீஹி ஜாடியை நீட்டுகிறாள். அவள் விரல்களில் கார்பாலிக் சோப்பு வாடை. "இன்னைக்கு ரெண்டு பங்கா ஊத்துப்பா. என் பொண்ணு நோராவுக்குப் பாலைத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். எல்லாம் என்னாலதான். சாக்கடையோரம் விளையாட விட்டேனே, பாவி!" பாஸ்கோவின் மனைவி ஐவி மூன்று வாரமாக இதே காய்ச்சலோடுதான் மாடு கறக்கிறாள், இன்று விடியலிலும் அவள்தான் கறந்தாள். வெளியே தெரிந்தால் கொட்டிலை இழுத்து மூடிவிடுவார்கள் என்று அவள் வாயை அடைத்தவன் அவன்தான்.

"காய்ச்சிக் குடுங்கம்மா" என்கிறான், குதிரையைப் பார்த்துக்கொண்டு. "உன் பாலையா?" அழுத கண்ணோடு அவள் சிரிக்கிறாள். "காய்ச்சினா சத்தெல்லாம் போயிடும்ப்பா. ஐவி கை எவ்வளவு சுத்தம்னு எனக்குத் தெரியாதா?" அவன் அளவுக் குவளையைப் பால் கேனில் முக்குகிறான். உள்ளே நோரா முனகுகிறாள். பூனை வாசற்படியில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. ஜாடியில் நுரை விளிம்பைத் தொடுகிறது. அளவு முடிந்துவிட்டது. ஆனாலும் பதினோரு வருஷப் பழக்கம் கையை விடவில்லை; பூனைக்கென்று இன்னும் ஒரு துளி சேர்த்து ஊற்றுகிறான்.

"தங்கமான மனசுய்யா உனக்கு" என்கிறாள் அவள்.