காலியாகக் கிடந்த கடைசி பெஞ்சு

இந்த மாதத்துக்குள் ஒரு மாணவராவது ஒரு கேள்வி கேட்காவிட்டால் ஆராய்ச்சி முறை வகுப்பையே மூடிவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். பேராசிரியை ஜெசிந்தாவும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். கேள்வி மனதில் முளைக்கும் முன்பே ஒவ்வொருவர் காதிலும் மாட்டியிருக்கும் பேசும் பொத்தான் பதிலைச் சொல்லிவிடும்போது, பிள்ளைகள் எதற்காக வாயைத் திறக்கப்போகிறார்கள்?

மாதம் முடிய இரண்டே நாள் இருக்கையில், பாடத்துக்கு முன்னால் ஐந்து நிமிட விளையாட்டு என்று சொல்லிப் பின்னால் கைகாட்டினாள்.

"அந்தக் கடைசி பெஞ்சுல ஏன் யாருமே உக்கார்றதில்ல? கண்டுபிடிங்க பாப்போம்."

பதினொரு பேரும் வழக்கம்போலக் காதுக்காகக் காத்திருந்தார்கள். "தகவல் இல்லை" என்றது பொத்தான். பிறந்ததிலிருந்து அது அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"அங்க ஃபேன் ஓடாது மிஸ்," என்றான் ஒருவன். போட்டுப் பார்த்தார்கள், பிய்த்துக்கொண்டு ஓடியது. பெஞ்சு ஆடும் என்றான் இன்னொருவன். அசைத்துப் பார்த்தார்கள், கல்லுமாதிரி நின்றது. கடைசியில் பர்வீன் போய் உட்கார்ந்தே விட்டாள். உட்கார்ந்தவள் காதைத் தடவினாள்.

"மிஸ்! இங்க வந்தா பொத்தான் பேசவே மாட்டேங்குது!"

மறுநாள் ஜெசிந்தா நுழைந்தபோது முன் பெஞ்சுகள் அத்தனையும் காலி. ஐந்து பேர் உட்காரும் கடைசி பெஞ்சில் பதினொரு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பர்வீன் கையைத் தூக்கினாள்.

"இத்தன வருஷமா நீங்க ஏன் மிஸ் இங்க வந்து உக்காரல?"

ஜெசிந்தாவின் காதில் இருந்த பொத்தான் நல்ல சாக்குகளாக மூன்று எடுத்துக் கொடுத்தது. அவள் நேராகப் பின்னால் நடந்தாள்.

"தெரியலையே. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."