டாக்டரே பேசினால்

"நல்ல சேதின்னா நர்ஸ் போன் பண்ணுவாங்க. இல்லேன்னா டாக்டரே பேசுவாங்க."

அந்தச் சின்னக் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா செய்த ஏற்பாடு இது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் முடிவு தெரியாமல் தவிக்கக் கூடாதாம். அங்கே ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மனைவிக்கு, அதைக் கேட்டதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

போன் அடித்தது.

"நீங்களே எடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

கணவன் எடுத்தான். "யாரு... டாக்டரா?"

அவள் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரிங்க டாக்டர்... நாளைக்கேவா? சரிங்க." போனை வைத்தவனின் முகம் வெளுத்திருந்தது.

"மறைக்காம சொல்லுங்க. எதுவானாலும் தாங்கிக்கறேன்."

"உனக்கு ஒண்ணுமில்லடி. எல்லாம் நல்லா இருக்காம். நர்ஸ் இப்பக் கூப்பிடுவாங்களாம்."

"பொய் சொல்லாதீங்க! அப்புறம் எதுக்கு டாக்டரே பேசினாங்க?"

அவன் மெல்ல அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ஊசியைப் பார்த்து நீ அழுதப்ப, 'இதுல என்ன இருக்கு, பாரு'ன்னு முதல்ல நானே கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன்ல?"